காலணிக் கோயில்

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் பகுதியில், வால்சிங்ஹாம் என்றொரு சிற்றூர் உண்டு. 1061-ஆம் ஆண்டு ரிச்சல்டிஸ் என்னும் சீமாட்டிக்குத் தேவமாதா காட்சி தந்து, நாசரேத்தில் தாம் வாழ்ந்த வீட்டைப் போலவே அங்கும் ஒரு வீடு கட்டப் பணித்தார்கள் என்பது பரம்பரைச் செய்தி. அதனால் அவ்வூருக்கு ‘இங்கிலாந்தின் நாசரேத்’ என்ற பெயர் வந்தது. பின்பு அகுஸ்தீன் சபைத் துறவியர் அங்கே பெரிய மடம் கட்டினார்கள்.

ஊருக்கு ஒரு மைல் முன்னதாக, 14-ஆம் நூற்றாண்டில் புனித கத்தரீனம்மாள் பெயரால் ஒரு சிறு கோயில் எழுந்தது. யாத்திரிகர்கள் காலணிகளை அங்கே கழற்றிவிட்டு, மீதி மைலை வெறுங்காலுடன் நடப்பார்களாம். அதனாலேயே அது காலணிக் கோயில் எனப்பட்டது என்பர்.

அரசர்களும் அங்கு வந்தார்கள். எட்டாம் ஹென்றி மன்னர், தமக்கு மகன் பிறந்த மகிழ்ச்சியில், 1511-இல் அங்கு வந்து வெறுங்காலுடன் நடந்தார் என்று சொல்வார்கள். குழந்தையோ இரண்டு மாதம் நிறையுமுன் இறந்துபோயிற்று. அதே ஹென்றியின் ஆணையால்தான் 1538-இல் மடம் மூடப்பட்டது. மாதா சுரூபம் தீக்கிரையாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே, எதிர்த்துக் கிளம்பத் திட்டமிட்டதாகக் குற்றஞ்சாட்டி மடத்தின் துணைத் தலைவரையும் வேறு சிலரையும் கொன்றுவிட்டார்கள். ஹென்றியின் ஆறு மனைவியரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை!

மடத்தில் இன்று ஓங்கி நிற்பது கீழ்ப்புறச் சாளரத்தின் வளைவு. அதனூடே வானம் தெரிகிறது. ஆனால் காலணிக் கோயில் தப்பியது. எப்படித் தெரியுமா? மாட்டுத் தொழுவமாகவும் களஞ்சியமாகவும் பயன்பட்டதால்தான்! மாதா கோயிலுக்குத் தொழுவம் புதிதா என்ன? 1896-இல் சார்லட் பாய்ட் என்ற அம்மையார் தம் பணத்தால் அதை வாங்கிச் செப்பனிட்டார். 1934-இல் அது இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமாயிற்று. ஆங்கிலிக்கன் சபையாரும் ஊருக்குள் 1931-இல் நாசரேத்து வீட்டைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

இன்றும் சிலர் அந்த ஒரு மைலை வெறுங்காலுடன் நடக்கிறார்கள். ஆண்டுதோறும் கோடையில் ஒரு நாள், அந்நாட்டில் வாழும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். அவர்களில் பலர் இலங்கையிலிருந்து சென்றவர்கள். இந்துக்களும் உடன் வருகிறார்கள். அன்று அங்கே பூசை தமிழில்தான்.