உங்களுக்குத் தெரியுமா? ஓர் ஊர்ப் பெயருக்கு 57 பைட்!

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி நம் கண்ணுக்கு 10 எழுத்துதான். லினக்ஸில் ஒரு கோப்புறைக்கு இந்தப் பெயரை வைத்தால் 57 பைட் பிடிக்கும். ஆங்கில எழுத்தில் 15 போதும்.

• யூடிஎஃப்-8 முறையில் 'ப'வுக்கு 3 பைட். 'பா' என்றால் காலுக்கு இன்னொரு 3. 'ப்' என்றால் புள்ளிக்கும் 3.

• லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயரின் உச்சவரம்பு 255 பைட். பாப்பிரெட்டிப்பட்டியை நான்கு முறைதான் எழுத முடியும்!

• முழுப் பாதைக்கு வரம்பு, முடிவுக்குறி உட்பட, 4,096 பைட். '..' போன்ற சுருக்கங்களையும் குறியீட்டு இணைப்புகளையும் 'ரியல்பாத்' (realpath) கட்டளை விரிக்கும்போது, கையில் இருந்த சின்னப் பாதை சட்டென நீண்டுவிடலாம்.

• விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கணக்கு வேறு: அங்கே எண்ணுவது பைட்டை அல்ல; காலும் புள்ளியும் ஆளுக்கு ஓர் அலகுதான். அங்கே செல்லுபடியாகும் நீண்ட தமிழ்ப் பெயரை லினக்ஸ் மறுத்துவிடலாம்.

நிரல் எழுதுவோரே, சோதனைக்கு ஒரு தமிழ்ப் பெயரையும் கொடுத்துப் பாருங்கள்.