ஊரடங்கில் படுத்துக்கொண்ட பழைய கார்கள்: செல்போனிலேயே வைத்தியம் பார்த்த மெக்கானிக்குகள்!

சென்னை:

கொரோனா ஊரடங்கில் மனிதர்கள் மட்டுமா வீட்டுக்குள் முடங்கினார்கள்? அம்பாசிடர், பியட், ஹெரால்டு, மோரிஸ் மைனர் என்று அப்பா, தாத்தா காலத்துக் கார்களும் ஷெட்டுக்குள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன.

புதுக் கார் ஒரு மாதம் சும்மா நின்றாலும் சாவியைத் திருகினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். பழைய கார் அப்படி இல்லை. ஓடினால்தான் அதற்கு ஆயுசு. நிற்க வைத்தால் பேட்டரி முதல் பிரேக் வரை ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ளும்.

எழுப்பத் தெரிந்த மெக்கானிக் வீட்டுக்கு வர முடியாது. காரையும் அவரிடம் கொண்டுபோக முடியாது. அந்த இக்கட்டில் பழைய கார் கிளப்காரர்களையும் மெக்கானிக்குகளையும் சேர்த்து வைத்தது செல்போன்தான். அப்போது கிடைத்த பாடம், இன்றைக்கும் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும்.

ஞாயிற்றுக்கிழமை ரவுண்டு கட்

2020 மார்ச் 22-ந்தேதி மக்கள் ஊரடங்கு. 24-ந்தேதி மாலை 6 மணிக்கு தமிழகத்தில் 144 தடை உத்தரவு. 25-ந்தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அவசரத்துக்கு ஊர் விட்டு ஊர் போக இ-பாஸ். காரணம் இல்லாமல் சுற்றியவர்களின் வண்டிகள் தமிழகம் முழுக்க லட்சக்கணக்கில் பறிமுதல் ஆயின.

சென்னையில் இன்னும் கெடுபிடி. 2020 ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு வந்தபோது, மளிகை, காய்கறி வாங்குவதே வீட்டைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள்தான். அதற்கும் வண்டி எடுக்காமல் நடந்தே போகச் சொன்னது அரசு. அப்படி இருக்கும்போது 50 வருஷத்துக் காரை எங்கே ஓட்டுவது?

பழைய கார் பிரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் திருவிழா. நாலைந்து பேர் வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்கு கடற்கரைச் சாலைப் பக்கம் போவார்கள். ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, என் வண்டியில் இந்தச் சத்தம், உன் வண்டியில் என்ன என்று பேசுவார்கள். அது ஒரே நாளில் நின்றுபோனது.

உலகம் முழுக்க இதே கதைதான். 1905-க்கு முந்தைய கார்கள் மட்டும் ஓடும் லண்டன்-பிரைட்டன் பயணம் 2020 நவம்பரில் நடக்கவில்லை. அமெரிக்காவில் பெப்பிள் பீச் கார் அழகுப் போட்டியும் அந்த வருஷம் ரத்து ஆனது.

வாட்ஸ்அப்பில் திறந்த பானெட்

ரோட்டில் கூட முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் கூடினார்கள். காலையில் வணக்கத்தோடு ஷெட்டில் நிற்கும் காரின் படம். சாயங்காலம் வீடியோ கால். தாத்தா காலத்து கருப்பு-வெள்ளைப் படங்கள், மஞ்சள் அடித்துப்போன பழைய கம்பெனி கையேட்டின் பக்கங்கள் எல்லாம் செல்போனில் படமாகி கைமாறின.

வெறும் அரட்டையாக ஆரம்பித்த இந்தப் பேச்சு, சில வாரங்களில் வைத்தியசாலை ஆகிவிட்டது. காரணம், ஒவ்வொரு வீட்டிலும் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

"அண்ணே, சுத்துது, பிடிக்க மாட்டேங்குது" என்று ஒருவர் சொல்வார். மறுமுனையில் பட்டறை மூடிக்கிடக்கும் மெக்கானிக். போனை கார்பரேட்டர் பக்கத்தில் வைக்கச் சொல்வார். பெட்ரோல் வருதா, பிளக்கில் பொறி தெறிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

போனில் எல்லாச் சத்தமும் சரியாகக் கேட்காது. அதற்கும் பட்டறையில் ஒரு பழைய வித்தை உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்த வேண்டும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கிற மாதிரிதான். மேலே இருந்து 'டிக் டிக்' என்று வந்தால் டாப்பெட். அடியில் இருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்தால் பேரிங். என்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும்.

அதுவரை சாவியை மட்டும் திருகிப் பழகிய ஓனர்கள், மெக்கானிக் சொல்லச் சொல்ல ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

டைனமோ செய்யும் கூத்து

முதலில் விழுவது பேட்டரி. சும்மா இருந்தாலும் அது தானாகவே இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். பல நாள் இறங்கியே கிடந்தால் உள்ளே இருக்கும் தகடுகளில் உப்புப் படிந்து பேட்டரியே வீணாகிவிடும்.

தினமும் 5 நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் போதும் என்று பலர் நினைத்தார்கள். அங்கேதான் தப்பு. பழைய கார்களில் இருப்பது ஆல்டர்னேட்டர் அல்ல, டைனமோ. என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜே தராது. ஸ்டார்ட் பண்ண ஒரு வாளி கரண்டை எடுத்துவிட்டு, திருப்பி ஒரு டம்ளர் கூட ஊற்றாத கணக்கு அது.

இன்னொரு கெடுதலும் உண்டு. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் ஆவியாக உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடானால் அந்த ஆவி வெளியே போய்விடும். 5 நிமிஷத்தில் அணைத்தால் அது தண்ணீராக சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். சைலன்சர் உள்ளேயே துருப்பிடிக்கும்.

அதனால் ஸ்டார்ட் செய்தால் 15 முதல் 20 நிமிஷமாவது ஓடி என்ஜின் சூடாக வேண்டும். முடியாவிட்டால் தொடவே வேண்டாம், பேட்டரியைக் கழற்றி தனியாக சார்ஜ் போடுங்கள் என்பதுதான் மெக்கானிக்குகள் சொன்ன வழி. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

பேட்டரியைக் கழற்றுவதிலும் ஒரு சிக்கல். அந்தக் கால இங்கிலாந்து டிசைன் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார் மாதிரி மைனஸ்தான் எர்த் என்று நினைத்து வயரை மாற்றி மாட்டினால் மின்சாதனங்கள் புகைந்துவிடும். எந்த வயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பெட்ரோலும் ஊசிப்போகும்

சாம்பார் மட்டுமல்ல, பெட்ரோலும் நாளானால் கெடும். அதில் லேசாக ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். மிச்சம் கார்பரேட்டர் கிண்ணத்தில் பிசின் மாதிரி ஒட்டும். தலைமுடி அளவு ஓட்டை உள்ள ஜெட் அடைத்துக்கொண்டால் கார் கிளம்பாது.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் கலப்பு 2020-ல் சுமார் 5 சதவீதம்தான். 2022-ல் 10 சதவீதம் ஆகி, 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பழைய காரின் ரப்பர் டியூப்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, வெடித்து பெட்ரோல் ஒழுகும் ஆபத்து உண்டு. மாதக்கணக்கில் நின்ற காரை எடுக்கும் முன் டியூப்பை விரலால் அழுத்திப் பார்ப்பது கட்டாயம்.

பிரேக், கிளட்ச், டயர்

ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தால் போதும்.

கிளட்ச் தட்டும் அப்படித்தான் ஒட்டும். என்ஜின் ஓடும், கியர் விழாது. சிலர் கிளட்ச் பெடலை அழுத்தி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தார்கள். வாரம் சில தடவை பெடலை மிதித்து விடுவதும் உதவும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். கடல் காற்று அடிக்கும் சென்னைக்கு இது இன்னும் ஜாஸ்தி. ரொம்ப நாள் நின்ற காரில் என்ஜின் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டு ரோட்டுக்குப் போகக் கூடாது. பெடலை மிதித்தால் கல் மாதிரி நிற்கிறதா, மெல்ல உள்ளே இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இறங்கினால் வண்டி வெளியே வரக் கூடாது.

ஒரே இடத்தில் நின்றால் டயர் அடிப்பக்கம் தட்டையாகும். காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, வாரம் ஒரு தடவை அரைச் சுற்று தள்ளிவிட்டால் தப்பிக்கும்.

வெளியில் தெரியாத எதிரி எலி. பானெட்டுக்குள் கூடு கட்டி வயரைக் கடித்து வைக்கும். பிளாஸ்டிக் பாய் போட்டு இறுக்கி மூடினால் ஈரமும் சேரும், எலிக்கும் சொகுசு. காற்று போகும் துணி உறையே மேல்.

மெக்கானிக் வீட்டு அடுப்பு

கார் படுத்தால் எழுப்பலாம். பட்டறையை நம்பி இருந்தவர்கள் வயிற்றுக்கு என்ன செய்வது?

பழைய கார் மெக்கானிக்குகள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள் இல்லை. வேலை வந்தால் கூலி. டிங்கர், பெயிண்டர், சீட் தைப்பவர், ரேடியேட்டர் பற்றவைப்பவர், லேத் பட்டறைக்காரர் என்று ஒரு காரைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பம் பிழைக்கிறது. பழைய பார்ட்ஸ் கிடைக்கும் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் அடைத்துக் கிடந்தபோது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருமானம் நின்றது. 2020 ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு அரசு தந்தது ஆயிரம் ரூபாய். சென்னையில் ஜூன் முழு ஊரடங்குக்கு இன்னொரு ஆயிரம்.

இந்த நேரத்தில் பேச்சு விடாமல் இருந்ததுதான் கைகொடுத்தது. கடை திறந்ததும் செய்யப்போகும் வேலைக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் போட்டுவிட்ட ஓனர்கள் உண்டு. மளிகை வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. தினமும் போனில் "பாய், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவர்களுக்குத்தான் அந்த வீட்டு நிலைமை தெரிந்தது.

வயதும் ஒரு பிரச்சினை. கார்பரேட்டரைக் காதால் கேட்டு டியூன் செய்யத் தெரிந்தவர்களில் நிறைய பேர் 60 தாண்டியவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றது மத்திய அரசு. பட்டறை திறந்தபிறகும் பெரியவர் வர முடியவில்லை. கையாள் பையன் போனைப் பிடிக்க, அவர் வீட்டில் இருந்தபடி வேலை வாங்கினார்.

அந்த வீடியோக்கள்தான் இன்று சொத்து. சென்னை வண்டலூரில் ஹெரால்டு தயாரித்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1988-லேயே மூடியாகிவிட்டது. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. கேட்டால் சொல்ல கம்பெனி இல்லை. ஒரு மூத்த மெக்கானிக் போய்விட்டால் அந்தத் தொழில் நுணுக்கமும் அவரோடு போய்விடும். பார்ட்ஸைத் தேடினால் எங்காவது கிடைக்கும். கைப்பழக்கம் கடையில் கிடைக்காது.

பேப்பர் என்ன ஆச்சு?

சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்தால் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஊரடங்கில் அதுவும் தள்ளிப்போனது. 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான ஆர்.சி., எப்.சி., லைசென்ஸ் எல்லாம் செல்லும் என்று மத்திய அரசு பல தடவை கெடு நீட்டித்தது. கடைசிக் கெடு 2021 அக்டோபர் 31.

அதன்பிறகு செலவு ஏறியது. 600 ரூபாயாக இருந்த கார் ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10 ஆயிரமாக உயர்ந்தது.

2021 ஜூலையில் 50 வருஷம் தாண்டிய, உருமாற்றாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து இருக்கும். ஆனால் இந்த வண்டியை தினமும் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று மட்டுமே எடுக்கலாம்.

அதாவது ஊரடங்கு போனாலும், இந்தக் கார்களுக்கு நிற்கும் நாள்தான் அதிகம். ஊரடங்கில் கற்ற வைத்தியம் அவற்றுக்கு வருஷம் முழுக்க வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலிலும் அப்பாவின் பழைய கார் நிற்கிறதா? வாரம் ஒரு தடவை தள்ளிவிடுங்கள். மாதம் ஒரு தடவை பேட்டரியைப் பாருங்கள். அதை ரிப்பேர் பார்த்த மெக்கானிக்கின் நம்பர் இருந்தால், வண்டி நன்றாக இருக்கும்போதே ஒரு போன் போடுங்கள்.