ஈரலில் குற்றும் நெல்

பாண்டிருப்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்கும் அக்காவுக்கும் ஒரே சத்திரசிகிச்சை, பித்தப்பைக் கல். கொடுத்ததும் ஒரே ட்ரமடோல் குளிசை. அக்கா மூன்றாம் நாள் எழும்பி நடந்தார். இவருக்கு இரவெல்லாம் நோவு. “தீ மிதிக்கிற ஊரில பிறந்தவளுக்கு இதைத் தாங்க ஏலாதா?” என்று மாமி கேட்டது வெட்டுக்காயத்தைவிட நொந்ததாம்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீக்குழியைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அதில் இறங்குகிறவர்கள் நோவு அறியாதவர்கள் அல்லர். நோன்பிருந்து, அம்மனை நம்பி இறங்குகிறவர்கள். நோவே அறியாத ஒரு சிறுவன் வட பாகிஸ்தானில் இருந்தான். கையில் கத்தி ஏற்றியும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டியவன். கூரையிலிருந்து குதித்து, 14 வயதளவில் இறந்துபோனான். அவனைப் போன்ற ஆறு பேரை ஆராய்ந்தவர்கள், நரம்பில் நோவுச் செய்தியைக் கிளப்பும் சோடியக் கதவின் மரபணு பழுதாகியிருப்பதை 2006இல் கண்டார்கள்.

அது மிக அபூர்வம். வாசகியின் நோவு குறையாததற்குக் காரணம் ஈரலில் இருக்கக்கூடும்.

வயலிலிருந்து வந்த நெல்லை அம்மா அவித்து, காயவைத்து, உரலில் குற்றிய பிறகுதான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். கொடீன் என்ற வலிநிவாரணி அந்த நெல்லைப் போன்றது. ஈரலிலுள்ள சிஒய்பி2டி6 என்ற நொதியம் குற்றினால்தான் மோர்பின் என்ற அரிசி கிடைக்கும். ட்ரமடோலும் பெரும்பகுதி அந்த நொதியம் குற்றினால்தான் வேலை செய்யும். அந்த நொதியத்தின் மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வருகிறது. இரண்டும் பழுதென்றால் நெல் நெல்லாகவே கிடக்கும். ஒன்று நல்லதென்றால் ஓரளவு சமாளிக்கலாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளே இதில் வேறுபடலாம்.

சிலருக்கு மரபணு இரட்டித்திருக்கும். அவர்கள் கொடீன் குடித்தால் மோர்பின் மளமளவென்று பெருகி மூச்சையே அடக்கிவிடலாம். டொன்சில் வெட்டிய பிள்ளைகள் சிலர் இப்படி இறந்த பிறகு, 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அத்தகைய பிள்ளைகளுக்குக் கொடீனை விலக்கியது. 2017இல், 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நோவுக்காகக் கொடீனும் ட்ரமடோலும் கூடாதென்றது.

பயம், தூக்கமின்மை, வெட்டின் ஆழம் எல்லாமே நோவைக் கூட்டும். மரபணு மட்டுமே காரணமல்ல. பெரும்பாலான நாடுகளில் சத்திரசிகிச்சைக்கு முன் இதை வழமையாகச் சோதிப்பதுமில்லை. ஆனால் நோகிறது என்று ஒருத்தி சொன்னால் நம்புவதற்குப் பரிசோதனைக்கூடம் வேண்டுமா? “செல்லமாக வளர்ந்தவள்” என்று கட்டிலருகில் நின்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வாசகிக்கு: குளிசையின் பெயரையும், குடித்தும் நோவு விடவில்லை என்பதையும் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். அடுத்த முறை மயக்க மருந்து வைத்தியரிடம் அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள். நீங்களாக ஒரு குளிசை கூட்டிப் போடவேண்டாம். ஈரலில் குற்றத் தேவையில்லாத மருந்துகளும் அவரிடம் உண்டு.