80% ஆச்சா... வண்டியை எடுங்க பாஸ்! - சார்ஜிங் ஸ்டேஷன் பஞ்சாயத்தும் தீர்வும்

சனிக்கிழமை மாலை 6 மணி. கொரட்டூரில் இருந்து ஒரு குடும்பம் திருத்தணி முருகனைத் தரிசிக்கக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காரில் இருப்பதோ 18% சார்ஜ். போய்வர சுமார் 150 கிலோமீட்டர். பக்கத்தில் இருக்கும் சார்ஜிங் ஸ்டேஷனில் இரண்டு கன். ஒன்றில் 93 சதவீதத்தில் ஒரு கார் ஆமை வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது, ஓனரைக் காணோம். இன்னொன்றில் ஒரு கால் டாக்ஸி. அந்த டிரைவருக்கு 8 மணிக்கு ஏர்போர்ட் டிரிப். அதற்குள் பின்னால் இன்னொரு கார் வந்து ஹாரன் அடிக்கிறது. ''யாரு முதல்ல வந்தது?'' என்று பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடுகிறது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வாங்கப்போகிறவர்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் இந்த நெரிசல்?

தனி வீடு, சொந்த பார்க்கிங் இருப்பவர்கள் இரவில் பிளக்கைச் செருகிவிட்டுத் தூங்கிவிடலாம். கொரட்டூரில் எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் பழைய அபார்ட்மென்ட்களும் நிறைந்த பகுதி இது. கார் தெருவில் நிற்கும், மின்சார மீட்டர் எங்கோ இருக்கும். இரண்டாவது மாடியில் இருந்து ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவது ஆபத்து. பொது சார்ஜரை விட்டால் இவர்களுக்கு வேறு வழியில்லை.

இதோடு அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஐ.டி அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வாடகைக் கார்கள். பாடி சந்திப்பைத் தாண்டி ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் வெளியூர் கார்கள் வேறு. எல்லோரும் தேடுவது அதே இரண்டு கன்னைத்தான்.

மத்திய அரசின் கணக்குப்படி, 2024 டிசம்பரில் நாடு முழுக்க இருந்த பொது சார்ஜிங் நிலையங்கள் 25,202. அதில் கர்நாடகாவில் மட்டும் 5,765. நகரங்களில் 2030-க்குள் ஒரு கிலோமீட்டர் நீள, அகலப் பரப்புக்குக் குறைந்தது ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்கிறது மத்திய மின்துறை 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். 'பி.எம் இ-டிரைவ்' திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு என்றே 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிலையங்கள் பெருகும். அதுவரை இருப்பதைப் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும்.

80% கணக்கு

40 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 சதவீதத்தில் இருந்து 80 வரை ஏற்ற 28 யூனிட் வேண்டும். 30 கிலோவாட் வேகம் கிடைத்தால், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பிரச்னை அதற்குப் பிறகுதான். 80-ஐத் தாண்டியதும் பேட்டரி சூடாகாமலும் கெடாமலும் இருக்க, கார் தானே மின்சாரத்தைக் குறைத்து வாங்கும். சினிமா தியேட்டரில் முதலில் வருபவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள், கடைசியில் வருபவர்கள் காலி சீட்டைத் தேடித்தான் உட்கார முடியும் இல்லையா... அதேபோலத்தான். கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் பல கார்களில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் பின்னால் நிற்பவர் பாதி பேட்டரியை நிரப்பியிருப்பார்.

இன்னொரு விஷயம். இரண்டு கன் இருக்கும் 60 கிலோவாட் சார்ஜர்கள் பலவற்றில், இரண்டு கார்கள் சேர்ந்தால் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடும். அதனால், 95 சதவீதத்தில் நிற்கும் கார் பக்கத்துக் காரின் வேகத்தையும் குறைக்கலாம்.

சில வகை பேட்டரிகளை அவ்வப்போது 100% ஏற்றச் சொல்வார்கள். அதைக் கூட்டம் இல்லாத நேரத்திலோ, ஸ்லோ சார்ஜரிலோ வைத்துக்கொள்ளலாம்.

எழுதாத விதிகள்

* வரிசையில் ஆள் இருந்தால் 80 சதவீதத்தில் எடுத்துவிடுங்கள். அடுத்த சார்ஜர் வெகுதூரம் என்றால், காத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

* டீ குடிக்கப் போகலாம், ஷாப்பிங் போகக் கூடாது. போனில் ஆப் நோட்டிஃபிகேஷனை ஆன் செய்துவிட்டுப் போங்கள். டேஷ்போர்டில் போன் நம்பர் எழுதிவைப்பது சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்குச் சங்கடம். 'இத்தனை மணிக்கு எடுத்துவிடுவேன்' என்று ஒரு துண்டுச்சீட்டு போதும்.

* அடுத்தவர் காரில் இருக்கும் கன்னை இழுக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது அது லாக் ஆகியிருக்கும். அவசர காலத்துக்கான சிவப்பு பட்டனை அதற்காக அழுத்தவே கூடாது. மெஷின் மொத்தமும் நின்றுவிடும்.

* சிலர் ஆப்பில் முன்பதிவு செய்துவிட்டு வருவார்கள், சிலர் நேரில் வந்து நிற்பார்கள். முன்பதிவு வசதி உள்ள இடத்தில் அதற்குத்தான் முதல் மரியாதை. அந்த வசதி இல்லாத இடத்தில், முதலில் வந்தவர் யார் என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

* வேலை முடிந்ததும் கன்னை அதன் இடத்தில் மாட்டுங்கள். தரையில் போட்டால் சேறும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். மழைக்காலத்தில் கொரட்டூர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

* பெட்ரோல், டீசல் கார் ஓட்டுபவர்களுக்கு: அது சும்மா கிடக்கும் பார்க்கிங் அல்ல.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

டெஸ்லா நிறுவனம் 2016 டிசம்பரிலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால், நிமிடக் கணக்கில் கட்டணம். ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் தள்ளுபடி. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சார்ஜிங்குக்கு ஒதுக்கிய இடத்தில் கனெக்‌ஷன் கொடுக்காமல் நிறுத்துவது மின்சாரக் காராகவே இருந்தாலும் சட்டப்படி தவறு.

எப்போது போகலாம்?

முடிந்தால் பகலில். சூரிய மின்சாரம் கிடைக்கும் காலை 9 முதல் மாலை 4 மணி வரை, சார்ஜிங் நிலையங்களுக்குத் தரும் மின்சாரத்தின் விலை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்காகவும், மற்ற நேரங்களில் 1.3 மடங்காகவும் இருக்க வேண்டும் என்கிறது அதே 2024 வழிகாட்டுதல். எல்லோரும் ஆபீஸ் முடிந்து வரும் மாலையில் நெரிசலும் அதிகம், மின்சாரமும் காஸ்ட்லி. வீட்டில் இருக்கும் பெரியவர்கள், ஷிஃப்ட் வேலைக்காரர்கள் மதியமே சார்ஜ் போட்டுவிட்டால், டாக்ஸி டிரைவர்களுக்கு மாலையில் வழி கிடைக்கும். நமக்கு ஒரு மணி நேரத் தாமதம் என்பது கோயில் நடை சாத்துவதோடு போய்விடும். அவருக்கு அது அன்றைய வருமானம்.

வரிசை என்பது சென்னைக்குப் புதிதல்ல. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த ஊர் இது. குடம் நின்றாலும் ஆள் நின்றதாகத்தான் கணக்கு. ஆனால், தன் முறை வந்தபோது ஆளைக் காணோம் என்றால், அந்தக் குடம் ஓரமாக நகர்ந்துவிடும். குடத்தைத் தூக்கி நகர்த்த முடிந்தது. காரை அப்படி நகர்த்த முடியாது. ஓனர்தான் வந்து எடுக்க வேண்டும்.