இரண்டு மணித்தியால விளக்கும் மூன்று பாடங்களும்

மகளை மருத்துவ பீடத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியே குடும்பத்தைச் சுமக்கும் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்திருந்தார். "எந்த நேரமும் புத்தகமும் கையுமாத்தான் இருக்கிறாள் டொக்டர். எண்டாலும் ஒரு பாடத்திலை கோட்டை விட்டிட்டாள்" என்றவரின் கண்கள் கலங்கியிருந்தன. நானும் அப்படிக் கோட்டை விட்டவள்தான் என்றபோது அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதையே, அவரைப் போன்ற மற்றத் தாய்மாருக்காகவும் அவர்களின் பிள்ளைகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சேர்ந்தது 1992இல். குடாநாட்டில் 1990இலேயே மின்சாரம் நின்றுவிட்டது. மண்ணெண்ணெயும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டிருந்தது. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கம்பியில் திரியைக் கொழுவி எரிக்கும் சிக்கன விளக்குத்தான் எங்கள் வீட்டின் வெளிச்சம். அப்பா இல்லாத வீடு அது. அம்மா இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்து வாங்கும் எண்ணெயில், என் படிப்புக்கு இரவில் இரண்டு மணித்தியாலம் என்று கணக்கு.

ஆரம்ப ஆண்டுகளில் எங்களுக்கு மூன்று பெரும் பாடங்கள். உடலின் அமைப்பைச் சொல்லும் உடற்கூற்றியல், உறுப்புகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்று விளக்கும் உடற்றொழிலியல், கலங்களுக்குள் நிகழும் இரசாயன மாற்றங்களைப் பற்றிய உயிரிரசாயனவியல். மூன்றுக்கும் ஒன்றாகவே பரீட்சை வரும்.

எனக்குப் படம் கீறுவதில் கொள்ளை ஆசை. கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் கழுத்தில் ஐந்து வேர்களாகத் தொடங்கி, மூன்று தண்டுகளாகச் சேர்ந்து, ஆறாகப் பிரிந்து, மீண்டும் மூன்று நாண்களாகி, கடைசியில் ஐந்து பெரிய நரம்புகளாக முடியும். அதை நிறம் நிறமாகக் கீறி முடித்தால் அன்று நிறையப் படித்துவிட்ட திருப்தி வரும். உடற்றொழிலியல் அப்படியல்ல. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் மீள உறிஞ்சி, ஒன்றரை லீற்றர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. வாசிக்கும்போது எல்லாம் விளங்கும். புத்தகத்தை மூடினால் ஏன், எப்படி என்பதற்கு ஒரு வரியும் வராது. அந்தப் பயத்தில், உடற்கூற்றியலை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். உடற்கூற்றியல் என்றைக்கு ஐயா முடிந்தது?

உடற்றொழிலியலில் சித்தியடையவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஏசவில்லை. "விளக்கு எரிஞ்ச நேரமெல்லாம் என்ன படிச்சனீ?" என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அம்மா எரித்த எண்ணெய்க்கு என்னால் கணக்குக் காட்ட முடியவில்லை என்பதுதான் அன்று என்னை அழவைத்தது.

மறுநாளே கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று நிரல்கள் கீறினேன். படிக்கப்போவதை அல்ல, படித்து முடித்த நேரத்தையே அதில் எழுதினேன். முதற் கிழமைக் கணக்கைப் பார்த்துத் திகைத்தேன். பதினான்கு மணித்தியாலத்தில் உடற்கூற்றியலுக்கு ஒன்பது, உடற்றொழிலியலுக்கு மூன்று, மற்றதற்கு இரண்டு! தோற்ற பிறகும் கை பழைய பக்கமே போயிருந்தது.

அதன் பின்னர் விளக்கின் முதல் மணித்தியாலம், மனம் களைக்குமுன், பயந்த பாடத்துக்கே என்றாயிற்று. படம் கீறுவதைப் பகல் வெளிச்சத்துக்கு மாற்றினேன். உயிரிரசாயனவியலின் வட்டங்களை விடியற்காலையில் அம்மாவுக்கு இடியப்பம் பிழிந்து கொடுத்தபடி வாயால் சொல்லுவேன். சித்திரிக் அமில வட்டம் அம்மாவுக்கும் பாதி பாடமாகிவிட்டது. நான் ஒரு படியை விட்டால் "ஒண்டு குறையுது" என்பார்.

இன்னொன்றும் செய்தேன். தோழி ஒருத்தியிடம் உடற்றொழிலியல் கேட்டு, அவளுக்கு உடற்கூற்றியல் சொல்லிக் கொடுத்தேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் இதைக் 'குப்பி' என்பார்கள். புத்தகத்தை மூடிவிட்டு மற்றவருக்குச் சொல்லும்போதுதான் எங்கே ஓட்டை என்று தெரிந்தது. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பாராமல் நினைவுபடுத்திப் பார்ப்பதே ஒரு கிழமைக்குப் பின்னும் மனதில் நிற்கும் என்பதை 2006இல் அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் பரிசோதித்துக் காட்டினார்கள். எங்களுக்கு அதைக் காட்டியது எண்ணெய்த் தட்டுப்பாடு.

மீள்பரீட்சையில் சித்தியடைந்தேன். பின்வந்த ஆண்டுகளில் பாடங்கள் இன்னும் பெருகின, விடுதிக் கடமைகளும் சேர்ந்தன. அந்த மூன்று நிரல் ஆறாகியதே தவிர முறை மாறவில்லை.

பயிற்சிக் காலத்தில், மேற்கையில் ஷெல் துண்டு பட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது; ஆரை நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. அதை நான் கீறிய படம் சொன்னது. இரத்தம் போனதால் சிறுநீரகங்கள் நீரை இறுக்கிப் பிடித்து, சிறுநீர் மிகவும் குறைந்திருந்தது. அது நான் தோற்ற பாடம். ஒட்சிசன் போதாத கலங்களில் இலற்றிக் அமிலம் சேர்வதை அடுப்படியில் படித்திருந்தேன். மூன்று பாடமும் அந்த ஒரே கட்டிலில் கிடந்தன.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளையிட்ட நான் என்ன சொல்ல?" என்றார் அந்தத் தாய். ஏச வேண்டாம், நேரத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள் என்று, மேசையில் கிடந்த பழைய கலண்டர் தாளைத் திருப்பி நிரல்கள் கீறிக் கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.