அம்மாவின் வைரத்திற்கு ஒரு புதிய குவளை



பிழைப்பைத் தேடி மைசூருவுக்கு வந்து, பிள்ளைகளை இங்கேயே வளர்த்து ஆளாக்கிய குடும்பங்கள் பலவற்றில் ஒரே விதமான கேள்வி எழுவதுண்டு. மகனுக்குத் திருமணம் கூடிவருகின்றது. நிச்சயதார்த்தத்திற்கு மோதிரம் வேண்டும். வங்கிப் பெட்டகத்திலோ தாயாரின் பழைய வைரத் தோடு, அல்லது அவர் அணிந்திருந்த ஒற்றைக்கல் மோதிரம் உறங்கிக்கொண்டிருக்கின்றது. புதிய வைரம் வாங்கக் கடன்பட வேண்டுமா? அந்தக் கல்லையே எடுத்துப் புதிதாகப் பதித்தால் ஆகாதா? பதிப்பதென்றால் எந்த வடிவில்? யாரை நம்பிக் கொடுப்பது?

நம் சபைகளில் நகையே அணியாத குடும்பங்களும் உண்டு. மோதிரம் மட்டும் மாற்றிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. அதைக் குறித்து வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அணியாதவர் வீட்டிலும் முன்னோர் வைத்துச் சென்ற கல் ஒன்று இருக்கக்கூடும். அதை விற்க நேரிட்டாலும் கீழே சொல்லப்படும் எச்சரிப்புகள் பயன்படும்.

கல்லைப் பிடித்து நிறுத்தும் பொன் அமைப்பிற்கு நம் தமிழ் வேதாகமத்தில் ஓர் அழகிய சொல் இருக்கின்றது. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனுடைய ஆடையின் கற்கள் பொன் ‘குவளைகளில்’ பதிக்கப்பட்டன என்று வாசிக்கின்றோம். அச்சொல்லையே இங்கும் வழங்குவோம்.

முதலில் வீட்டாரின் சம்மதம்

பொற்கொல்லரிடம் போகுமுன் வீட்டிற்குள் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. தாயின் நகை மகளுக்கு என்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். மகனுடைய நிச்சயதார்த்தத்திற்காகத் தாயின் தோட்டைக் கழற்றும்போது, திருமணமாகிப் போன மகள் வாய்திறந்து ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சட்டமும் அவளை மறக்கவில்லை. தாய் உயில் எழுதாமல் மறைந்திருந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குரிய பங்கு மகனுக்கும் மகளுக்கும் சமமே. தாய் உயிரோடிருந்தால், அவருடைய விருப்பமே முதலாவது.

நம் தமிழ் வீடுகளின் ஏழுகல் தோட்டில் நடுவே ஒன்று, சுற்றிலும் ஆறு. இரண்டு தோடுகளுக்குமாகப் பதினான்கு கற்கள். ஒரு மோதிரத்திற்கு ஒரு கல்லோ மூன்று கற்களோ போதும். மற்றவற்றை மகள்களுக்குப் பகிர்ந்து கொடுக்க இடமுண்டு. கல்லைக் கழற்றிய பின்னர் அல்ல, கழற்றுமுன்னரே இதைப் பேசி முடியுங்கள்.

மணமகளையும் கேளுங்கள். வாழ்நாளெல்லாம் அணியப்போகிறவள் அவள். மாமியாரின் கல்லை மகிழ்ச்சியோடு ஏற்கும் பெண்ணும், மோதிரத்தின் வடிவைத் தானே தெரிந்தெடுக்க விரும்பக்கூடும்.

ஒரு தாயின் கற்கள்

இப்படித் தாயின் நகையிலிருந்து பிறந்த நிச்சயதார்த்த மோதிரங்களில் உலகறிந்த ஒன்று உண்டு. 1947-ஆம் ஆண்டு பிலிப் என்ற இளம் கடற்படை அதிகாரி, பின்னாளில் இங்கிலாந்தின் அரசியாக விளங்கிய எலிசபெத்தை மணக்க நிச்சயம் செய்தார். அரச குலத்தில் பிறந்தவராயினும் நாடிழந்த குடும்பத்தவர்; கையில் பெரிய செல்வமில்லை. அவருடைய தாயார் ஆலிஸ் தமது சிரவணி ஒன்றின் வைரங்களை மகனுக்குக் கொடுத்தார். லண்டனில் அக்கற்களைப் பிளாட்டினத்தில் பதித்து, நடுவில் ஒரு பெரிய கல்லும் இரு தோள்களிலும் சிறு கற்களுமாக மோதிரம் செய்யப்பட்டது. எஞ்சிய வைரங்களைக் கொண்டு ஒரு கைவளையும் செய்து பிலிப் தம் மணமகளுக்குத் திருமணப் பரிசாக அளித்தார்.

அந்தத் தாயைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. இரண்டாம் உலகப்போரில் ஏதென்ஸ் நகரம் எதிரியின் வசமிருந்தபோது, ஆலிஸ் ஒரு யூதக் குடும்பத்தைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்தார். அதற்காக 1993-ஆம் ஆண்டு இஸ்ரவேலின் யாத் வஷேம் நினைவகம் அவரைக் கௌரவித்தது. சிரவணியைக் கலைப்பது அவருக்கு இழப்பாகத் தோன்றியிராது என்றே எண்ணுகிறேன்.

கல்லை அறியுங்கள்

வைரத்தின் காரட் எடையைக் குறிக்கும். தங்கத்தின் காரட் தரத்தைக் குறிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வைரத்தில் 1 காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு 1 சென்ட்.

பழைய தோடுகளைக் குறித்து ‘புளூ ஜாகர் கல்’ என்றும் ‘பெல்ஜியம் கட்டிங்’ என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜாகர் என்பது தென் ஆப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. எல்லாப் பழைய கல்லும் ஜாகர் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய நகைகளில் பல மூடிய கட்டடம் உடையவை. கல்லின் பின்புறம் பொன்னால் அடைபட்டிருக்கும். அந்நிலையில் நிறத்தையும் எடையையும் விளிம்பில் உள்ள சேதத்தையும் சரியாக மதிப்பிட இயலாது. கழற்றிச் சுத்தம் செய்த பின்னரே உண்மை வெளிப்படும். ஆகவே கல்லைக் கழற்றும்போது நீங்கள் எதிரே இருங்கள்.

கல் மங்கலாக இருக்கின்றது, புதிதாகப் பட்டை தீட்டினால் பளபளக்கும் என்று யாரேனும் சொன்னால் உடனே இசைய வேண்டாம். கோஹினூர் வைரத்தை 1852-ஆம் ஆண்டு லண்டனில் மறுபடியும் பட்டை தீட்டினார்கள். ஏறக்குறைய 186 காரட் எடை 105.6 காரட்டாகக் குறைந்தது. இழந்த எடை திரும்ப வராது. குவளையை மாற்றுவதில் அந்தக் கேடு இல்லை. அதே கோஹினூர் பின்னர் 1902, 1911, 1937 ஆகிய ஆண்டுகளில் மூன்று அரசியரின் கிரீடங்களில் அடுத்தடுத்துப் பதிக்கப்பட்டது.

கைக்கு ஏற்ற குவளை

குவளையைத் தெரிந்தெடுக்கும்போது கடையின் விளக்கொளியைப் பார்க்காதீர்கள். அணியப்போகும் கை நாள்தோறும் செய்யும் வேலையைப் பாருங்கள்.

1. நகப்பிடி: கடைகளில் இதைப் ‘பிராங்’ என்பர். மெல்லிய நகங்கள் கல்லை உயர்த்திப் பிடிக்கும். 1886-ஆம் ஆண்டு நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் அறிமுகம் செய்த ஆறு நக மோதிரம் இவ்வகையில் புகழ்பெற்றது. ஒளி நாற்புறமும் நுழைவதால் கல் நன்கு மின்னும். ஆனால் மைசூரு பட்டுப் புடவையின் இழையிலும் தலைமுடியிலும் நகங்கள் மாட்டும். மருத்துவமனையில் பணிபுரியும் சகோதரிகளின் கையுறையைக் கிழிக்கும். நான்கு நகங்களில் ஒன்று உடைந்தால் கல் விழக்கூடும். ஆறு நகங்கள் இருந்தால் மற்றவை தாங்க வாய்ப்புண்டு.

2. விளிம்புக் குவளை: ‘பெசல்’ எனப்படும். கல்லைச் சுற்றிலும் பொன் விளிம்பு அணைத்து நிற்கும். மின்னல் சற்றுக் குறையலாம், பாதுகாப்போ அதிகம். சமையல், துணி துவைத்தல், தையல், செவிலியர் பணி ஆகியவற்றில் ஓயாது உழைக்கும் கைகளுக்கு இதுவே ஏற்றது. விளிம்பில் சிறு சேதமுள்ள பழைய கல்லையும் இது மறைத்துக் காக்கும்.

3. சிறு கற்கள் சூழ்ந்த குவளை: நடுக்கல் பெரிதாகத் தோன்றும். ஆயினும் பொடிக்கற்கள் உதிர்வதுண்டு. பழுது பார்க்கும் செலவு அடிக்கடி வரும்.

உலகில் வைரத்தைவிடக் கடினமான மணி இல்லை. ஆனால் கடினம் வேறு, உடையாமை வேறு. குறிப்பிட்ட திசைகளில் அடிபட்டால் வைரமும் பிளக்கும். கூர்மையான மூலைகளுள்ள கல்லாயின் மூலைகளை மூடும் குவளையே வேண்டும்.

பொன்னைப் பற்றியும் ஒரு சொல். 22 காரட் பொன் மென்மையானது. மெல்லிய நகங்கள் எளிதில் வளையும். ஆகையால் வைர மோதிரங்களுக்கு 18 காரட், அதாவது 750 முத்திரையுள்ள பொன்னே பெரும்பாலும் பயன்படுகின்றது. கல்லில் இலேசான மஞ்சள் சாயல் இருந்தால் மஞ்சள் பொன்னில் அது அவ்வளவாகத் தெரியாது, வெண்பொன்னில் எடுத்துக்காட்டும். வெண்பொன்னின் மேல்பூச்சு காலப்போக்கில் தேய்வதால் மறுபடியும் பூச வேண்டிவரும்.

கல்லைக் கையைவிட்டுக் கொடுக்குமுன்

சொந்த ஊரில் ஆசாரியின் பட்டறையில் எதிரே அமர்ந்து, வேலை முடியும்வரை பார்த்திருந்து வாங்கிவந்தார்கள் நம் பெற்றோர். இங்கே நிலைமை வேறு. மைசூருவின் அசோகா சாலையிலும் தேவராஜ அரசு சாலையிலும் நகைக்கடைகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் எந்த ஊரிலும் கடையில் கொடுத்த கல் வேறிடத்துப் பட்டறைக்கு அனுப்பப்படலாம். கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் பல கைகள் மாறும் பொருளுக்கு அடையாளம் எழுதி வைப்பது இரு தரப்பாருக்கும் நல்லது.

• கழற்றிய கல்லின் எடையைச் சென்ட் கணக்கிலும், விட்டத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டரிலும் உங்கள் முன்னிலையில் அளந்து ரசீதில் எழுதச் சொல்லுங்கள். நவீன முறையில் பட்டை தீட்டிய 6.5 மில்லிமீட்டர் வட்டக்கல் ஏறத்தாழ 1 காரட் இருக்கும்.

• பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் கல்லைப் பாருங்கள். உள்ளே புள்ளியோ கீற்றோ இருந்தால் அதன் இடத்தைக் குறித்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அடையாளம் காண அதுவே சாட்சி.

• கல் பெரிதாயின், ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற பரிசோதனைக் கூடத்தின் சான்றை முன்னதாகப் பெறுங்கள். வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் சிறு கருவியை மட்டும் நம்ப வேண்டாம். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் அது வைரம் என்றே காட்டும்; இரண்டின் விலையோ வெகுவாக வேறுபடும்.

• பழைய பொன்னின் எடை, அதன் தரம், கழிவு, செய்கூலி, முடிக்கும் தேதி, வேலையின்போது கல் சேதப்பட்டால் யார் பொறுப்பு என்பன யாவும் எழுத்தில் இருக்கட்டும். ரசீது கன்னடத்தில் இருந்து உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், இங்கே படித்த உங்கள் பிள்ளைகளைக் கொண்டு வாசித்துப் பின்பு கையொப்பமிடுங்கள்.

• புதிய மோதிரத்தில் ஹால்மார்க் முத்திரையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளம் கட்டாயமாயிற்று. பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். அது பொன்னின் தரத்திற்கே உறுதி, வைரத்திற்கு அல்ல.

வாங்கி வந்தபின் ஆண்டிற்கொரு முறை குவளையைச் சோதிக்கக் கொடுங்கள். காதருகே வைத்து மோதிரத்தை மெல்ல அசைத்தால் ஓசை கேட்கிறதா? கேட்டால் கல் தளர்ந்திருக்கின்றது, அணியாமல் எடுத்துவையுங்கள்.

பிரியமான வாசகரே, நிச்சயதார்த்த நாள் குறித்தபின் அவசரப்பட்டு அலைவதைவிட, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். வீட்டார் யாவரும் ஒன்றுகூடி ஜெபித்து, பேசி, ஒருமனப்பட்டு முடிவெடுங்கள். கடன் வாங்கி விலையுயர்ந்த புதிய கல்லைப் போடுவதைவிட, எல்லாருடைய சம்மதத்தோடும் தாயின் கல்லை எளிய விளிம்புக் குவளையில் பதித்து அணிவிப்பது நலம். புதிதாய்த் தொடங்கும் அந்த இல்லத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.