குறும்படத்தின் முதற்காட்சி

எங்கள் குறும்படத்தின் களம் ஆம்பூர். தோல் பதனிடும் தொட்டிகளோடு தொடங்க எண்ணியிருந்தேன். காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் அம்மா கேட்டார்: “தொட்டியக் காட்டுற; எங்கள யாருப்பா காட்டுவாங்க?”

1895-இல் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்களுள் முதலாவது, லியோன் நகரிலிருந்த அவர்தம் ஆலையை விட்டுத் தொழிலாளர் வெளியேறும் காட்சியே. ஒரு நிமிடம்கூட ஓடாத அதனை மூன்று முறை எடுத்தனர். காமிரா அசையவில்லை; மனிதர்களே அசைந்தனர்.

எங்கள் திட்டமும் அதுவே. ஆலை வாயிலுக்கு எதிர்ப்புறம், கண்மட்டத்தில் காமிரா. சங்கு ஒலிக்கும், கதவு திறக்கும், சாப்பாட்டுப் பையுடன் பெண்கள் வருவர். ஒருவர் மட்டும் நின்று நம்மைப் பார்ப்பார். அப்போது தலைப்பு.

யாரை முதலில் காட்டுகிறோமோ, அவர் கதையாகவே படம் அமையும். அங்கே நின்று பார்க்கப்போகிறவர், எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருவனைக் கல்லூரிக்கு அனுப்பிய என் அம்மா.